டிக்கெட்டில் ஏறிய இரண்டு வருஷம்

இரண்டு வருஷம் என்று சொன்னது நான்தான். என் சம்சாரம் காமு வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் இரண்டு மாதம் என்று சொல்லியிருப்பாள். அதுதான் நிஜம்.

அது 2004, காளி பூஜை முடிந்த வாரம். கல்கத்தாவின் பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரி ஒன்றில் காலை ஏழு மணிக்கே போய் வரிசையில் நின்றோம். அவுட்டோர் டிக்கெட் என்கிற வெளிநோயாளிச் சீட்டு வாங்கி, பெண்கள் பிரிவுக்கு முன்னால் இன்னொரு வரிசையில் நின்று, உள்ளே நுழையும்போது மணி பன்னிரண்டரை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு டாக்டர் பெண். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். எங்களுக்கு முன்னால் நூறு பேரைப் பார்த்திருப்பாள். நிமிராமலே கேட்டாள், "கொத்தோ தின்?"

எத்தனை நாளாக என்று கேள்வி.

"தூ பொச்சோர்" என்றேன். இரண்டு வருஷம்.

பேனா நின்றது. டாக்டர் நிமிர்ந்து காமுவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகத்தான் அப்படிச் சொன்னது.

துறைமுகத்தில், கிடர்பூர் டாக்கில் மூட்டை தூக்குகிற எங்கள் கும்பலில் இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு நாளாகக் காய்ச்சல் என்று சொன்னால் நாலு வெள்ளை மாத்திரையோடு வெளியே அனுப்பிவிடுவார்கள். இரண்டு மாதம் என்றால் ரத்தம் எடுப்பார்கள். வருஷக் கணக்கில் சொன்னால்தான் படம், ஸ்கேன், கட்டில் எல்லாம். மாணிக்கம் என்று ஒருவன், விழுப்புரத்துப் பக்கம், எனக்கு ஜோடியாக மூட்டை பிடிப்பவன். முதுகு வலி என்று போய் இருபத்தைந்து வருஷமாக என்று சொல்லிவிட்டான். அவனுக்கே அப்போது முப்பது வயதுதான். "பால் குடிக்கிற வயசு தாண்டினதுமே மூட்டை தூக்க ஆரம்பிச்சிட்டியாடா?" என்று ஒரு மாதம் அவனைக் கேலி செய்தோம். ஆனால் அவனுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். பெல்ட்டும் கொடுத்தார்கள்.

வெளியே வந்ததும் காமு என் கையைக் கிள்ளினாள்.

"ஏங்க, ரெண்டு வருசமா மார்ல கட்டிய வச்சிக்கிட்டு இந்தப் பொம்பள என்ன செஞ்சிக்கிட்டிருந்தான்னு அந்தப் பொண்ணு நெனைக்காதா?"

"நெனைச்சா நெனைக்கட்டும். ஊசி குத்திப் பாக்கறதுக்கு இன்னிக்கே எழுதிட்டா பாத்தியா. பக்கத்துல நின்ன அம்மாவுக்கு அடுத்த மாசம் வரச் சொல்லியிருக்கு."

"அதுக்காக?"

"அதுக்காகத்தான்."

அவள் சிரித்தாள். அன்றைக்கு நானும் கெட்டிக்காரன் என்றே நினைத்துக்கொண்டேன்.

பத்து நாளில் முடிவு வந்தது. புற்று. ரஞ்சனா என்பது அந்த டாக்டர் பெண்ணின் பெயர். அவளே என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டு, நான் புரிந்துகொள்ளும்படி மெதுவாக வங்காளத்தில் சொன்னாள். மார்பை எடுத்துவிட வேண்டும். சீக்கிரம் எடுத்தால் பிழைத்துக்கொள்வாள். அவர்கள் ஆஸ்பத்திரியில் தேதி கேட்டதில் ஜனவரி பாதியில்தான் இடம் இருந்தது.

"உங்களுக்கு வேறு வழி ஏதாவது உண்டா? இன்சூரன்ஸ் மாதிரி?" என்று கேட்டாள்.

இருந்தது. எங்கள் தொழிலாளர் கூட்டுறவு சங்கம் அதற்கு முந்தின வருஷம் ஆகஸ்டில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு பாலிசி எடுத்திருந்தது. வாராவாரம் கூலியில் பிடித்தார்கள். புகைப்படம் ஒட்டிய அட்டை ஒன்று கொடுத்தார்கள். அதில் காமுவின் முகமும் இருந்தது. அட்டையைக் காட்டினால் பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் கைக்காசு இல்லாமல் வைத்தியம் என்று கூட்டத்தில் சொன்னார்கள். நாங்கள் கை தட்டினோம்.

"அப்படியென்றால் காத்திருக்காதீர்கள். இந்த மாதமே முடித்துவிடுங்கள். இங்கே உங்கள் தேதி இன்னொருத்திக்கு உதவும்" என்றாள் ரஞ்சனா டாக்டர். நான் ஜனவரித் தேதியை விட்டுக்கொடுத்து ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன்.

தனியார் ஆஸ்பத்திரியில் காமுவைச் சேர்த்தோம். வெள்ளை விரிப்பு, ஜன்னலுக்குத் திரை, சாப்பாட்டுக்கு மூடி போட்ட தட்டு. இரண்டு நாள் படுத்திருந்தாள். மூன்றாம் நாள் காலை ஆபரேஷன் என்று இரவுச் சாப்பாட்டைக்கூட நிறுத்திவிட்டார்கள். காலையில் கவுண்டரிலிருந்து கூப்பிட்டார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஃபாக்ஸ் வந்திருந்தது. இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. காமு எனக்குச் சொல்லிக் கொடுத்தது தமிழ் எழுத்து மட்டும். அதுவும் என் நாற்பதாவது வயதில். கவுண்டர் பையன் ஹிந்தியில் சொன்னான்: இல்லை என்கிறார்கள். நீங்கள் பணம் கட்டினால் ஆபரேஷன். இல்லாவிட்டால் கட்டிலைக் காலி செய்ய வேண்டும்.

பசியோடு இருந்த காமுவுக்கு வெளியே வந்து கச்சோரி வாங்கிக் கொடுத்தேன். அவள் இரண்டு கச்சோரி தின்றுவிட்டு, "தள்ளிப் போட்டிருக்காங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அந்த ஃபாக்ஸைப் படித்துச் சொன்னவர் வெங்கடராமன் சார். துறைமுகத்தில் லேபர் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். பாலிகஞ்சில் மூன்றாவது மாடி ஃபிளாட். டூட்டி அட்டை தொலைந்தாலும், அடிபட்டு லீவு வேண்டுமென்றாலும், இருபது வருஷமாக நான் அவரிடம்தான் போவேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடியே இருந்த வியாதிங்கறான், உத்தமா. நீ சேர்க்கறச்ச குடுத்த கவர்மென்ட் ஆஸ்பத்திரி டிக்கெட்ல ரெண்டு வருஷமா இருக்குன்னு போட்டிருக்காம். பாலிசி எடுத்து ஒண்ணே கால் வருஷந்தான் ஆறது. அதனால குடுக்க முடியாதுங்கறான்."

எனக்கு உட்கார வேண்டும்போல இருந்தது. அவர் வீட்டில் நான் உட்கார்ந்ததில்லை. அன்று உட்கார்ந்துவிட்டேன்.

"சார், அந்த ரெண்டு வருசம் நான் சொன்னது."

"நீ சொன்னதா? அப்படின்னா நெஜமாவே ரெண்டு வருஷமா?"

"இல்ல சார். ரெண்டு மாசம்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் விவரமாகச் சொன்னேன். மாணிக்கத்தின் முதுகையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"இதை வேற யார்ட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாதே."

அடுத்த நாளே ரஞ்சனா டாக்டரிடம் போனேன். டிக்கெட்டில் இருக்கும் வருஷத்தை மாதமாக மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"எல்லாரும் கூட்டித்தான் சொல்வார்கள், எனக்குத் தெரியும்" என்றாள். "நான் பாதியாகக் குறைத்துத்தான் எழுதுவேன். உங்கள் மனைவியின் கட்டியைத் தொட்டதும் பயமாகிவிட்டது. நீங்கள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். எழுதியதை அடித்துத் திருத்தினால் என் வேலை போய்விடும், அண்ணா. நான் இங்கே வருஷ ஒப்பந்தத்தில் இருக்கிறேன்."

ஆனால் வேறொரு தாளில், கட்டியைப் பார்த்து அதன் வயதைச் சொல்ல முடியாது, அது சில மாதங்களிலும் இவ்வளவு வளரக்கூடும் என்று எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தாள். ஆபரேஷனுக்குப் புதுத் தேதியும் வாங்கிக் கொடுத்தாள். ஏப்ரல். அதற்கு முன்னால் எந்த நாளும் காலி இல்லை. அதுவரை தாங்கட்டும் என்று மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். ஒரு தடவை ஏற்றியதிலேயே காமுவுக்கு ரத்தம் இறங்கிப்போய் நிறுத்திவிட்டார்கள்.

கம்பெனி அந்தத் தாளை ஒப்புக்கொள்ளவில்லை. டிக்கெட்டில் எழுதியதுதான் எழுதியது என்று பதில் வந்தது.

இந்தச் சமயத்தில்தான் வெங்கடராமன் சார் சொல்லியனுப்பினார். இன்சூரன்ஸ் சட்டத்தைத் திருத்தப் போகிறார்கள். அதற்காக எம்.பி.க்கள் குழு ஒன்று ஊர் ஊராகப் போய்க் கருத்துக் கேட்கிறது. பிப்ரவரியில் கல்கத்தாவுக்கு வருகிறது. பாலிகஞ்சில் அவரைப் போல ரிட்டயரான பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து பாலிசிதாரர் சங்கம் என்று ஒன்று வைத்திருந்தார்கள். கண் ஆபரேஷன், இடுப்பு எலும்பு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு மறுப்புக் கடிதம் இருந்தது. குழுவுக்கு மனு கொடுக்கப் போகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் சம்சாரம் பாகீரதி அம்மா காப்பி கொடுத்தார். மனுவைச் சார் தமிழில் சொல்லிக் காட்டினார். நல்ல மனு. மறுக்கும் முன் நோயாளியைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். மறுப்பதற்கான காரணத்தை அவனுக்குத் தெரிந்த பாஷையில் எழுதித் தர வேண்டும். உயிர் போகிற வியாதியாக இருந்தால் முதலில் வைத்தியம், வழக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்த மூன்றாவதை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். எங்களுக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

கடைசிப் பக்கத்தில் என் கதை இருந்தது. அதில், ஆஸ்பத்திரி டாக்டரின் கவனக்குறைவால் இரண்டு மாதம் என்பது இரண்டு வருஷம் என்று பதிவாகிவிட்டது என்று எழுதியிருந்தார்.

"சார், டாக்டர் தப்பு பண்ணல."

"தெரியும்."

"அப்படியே நான் சொன்னதையே எழுதுங்களேன். பெரிய ஆஸ்பத்திரி வரிசையில ஏழைங்க கூட்டித்தான் சொல்லுவாங்க, அந்தப் பேச்சை வச்சி பாலிசியை மறுக்கக் கூடாதுன்னு."

"பாரு உத்தமா. பொய் சொன்னேன்னு ஒருத்தன் வந்து நின்னா, சட்டம் பண்றவா அவனுக்காகச் சட்டம் பண்ண மாட்டா. அவா முன்னாடி நிக்கறவன் கையில அழுக்கு இருக்கப்படாது. நீ நெஜத்தைச் சொல்லு, காமு போயிடுவா. நான் சொல்றபடி சொல்லு, வழி இருக்கு. கம்பெனிக்காரனோட பேசிட்டேன். ஆஸ்பத்திரி தன் டாக்டர் தப்புன்னு எழுதிக் குடுத்தா கேஸைத் திறக்கறேன்னுட்டான். கமிட்டி ஒரு வார்த்தை கேட்டா ஆஸ்பத்திரி எழுதிக் குடுத்துடும்."

பாகீரதி அம்மா டம்ளரை எடுக்க வந்தவர், "அந்த டாக்டர் பொண்ணுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"ஒரு மெமோ குடுப்பா. அதிகம் போனா வேற எடத்துக்கு மாத்துவா."

"வருச ஒப்பந்தத்துல இருக்குன்னு சொல்லிச்சு சார்" என்றேன்.

சார் மனுவை மடித்து உறைக்குள் வைத்தார்.

வீட்டுக்கு வந்து காமுவிடம் சொன்னேன். அவள் தலைமுடி கொட்ட ஆரம்பித்து, சீப்பை மறைத்து வைத்திருந்த நாட்கள்.

"அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா அதுக்குப் படிப்பு இருக்கு. இந்த வேலை போனா இன்னொரு வேலை கெடைக்கும். எனக்கு என்ன இருக்கு?" என்றாள். "சொல்லிட்டு வாங்க. பாவம் எனக்கு வரட்டும்."

சரி என்றேன். சொல்வது என்று முடிவு செய்துதான் போனேன். இதை எழுதிவிட வேண்டும். நான் யோக்கியனாக இருக்க வேண்டும் என்று கிளம்பிப் போகவில்லை.

எஸ்பிளனேட் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலில் கூட்டம். நடுவில் நீள மேசை, அதில் ஐந்து எம்.பி.க்கள். ஒரு பக்கம் கம்பெனிக்காரர்கள், எல்லோருக்கும் டை. இன்னொரு பக்கம் நாங்கள். துவைத்துப் பெட்டி போட்ட சட்டையை மாணிக்கம் கடன் கொடுத்திருந்தான். கழுத்துப் பட்டன் மாட்டவில்லை.

சார் இங்கிலீஷில் பத்து நிமிஷம் பேசினார். நடுவில் இருந்த தலைவர் எம்.பி. இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சார் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். தலைவர் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். ஹிந்தியில் என்னிடம் பேசினார். நல்ல குரல்.

"பயப்படாமல் சொல். உன் மனைவிக்கு நோய் எத்தனை நாளாக இருந்தது?"

"ரெண்டு மாசம், சாகேப்."

"டாக்டர் இரண்டு வருஷம் என்று எழுதினார்."

"ஆமாம்."

"இப்படித்தான் நடக்கிறது" என்று பக்கத்தில் இருந்த பெண் எம்.பி.யிடம் சொன்னார். "இந்த டாக்டர்கள், வந்தவர்கள் ஏழைகள் என்றால், கேட்பதைக்கூடச் சரியாகக் கேட்க மாட்டார்கள். சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர்கள்." மறுபடி என்னைப் பார்த்தார். "அந்த டாக்டர் பெயர் என்ன? சொல். இன்றைக்கே இங்கிருந்து நோட்டீஸ் போகும். எழுதியவர் பதில் சொல்லட்டும்."

ஒரு குமாஸ்தா பேனாவைத் தயாராகப் பிடித்துக்கொண்டு என் வாயைப் பார்த்தான்.

பெயர் என் நாக்கு நுனியில் இருந்தது. நான் ஏன் சொல்லவில்லை என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. அந்தக் குமாஸ்தாவின் பேனா காரணமாக இருக்கலாம். அவன் எழுதிவிட்டால் அதை யாராலும் அழிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலை அந்த அவுட்டோர் மேசைக்குப் பின்னால் நாற்காலி காலியாக இருப்பதும், நூறு பெண்கள் வரிசையில் நிற்பதும் கண் முன்னால் வந்தது என்றும் சொல்லலாம். எது முதலில் வந்தது, எதை நான் பிறகு சேர்த்துக்கொண்டேன் என்று பிரிக்கத் தெரியவில்லை.

"டாக்டர் தப்பு இல்ல சாகேப்" என்றேன். "ரெண்டு வருசம்னு நான்தான் சொன்னேன். பொய் சொன்னேன்."

சார் என் கையைப் பிடித்தார். நான் நிறுத்தவில்லை. நாள் கணக்கு சொன்னால் மாத்திரை, வருஷக் கணக்கு சொன்னால் கட்டில் என்று சொன்னேன். நான் மட்டுமில்லை, டாக்கில் எல்லோரும் அப்படித்தான் என்று சொன்னேன். ஆஸ்பத்திரியில் ஒருத்தன் பயத்தில் சொல்வதைப் போலீசில் கொடுத்த வாக்குமூலம்போல எடுத்துக்கொள்ளாதீர்கள், முதலில் அவளுக்கு ஆபரேஷன் செய்துவிட்டு, பிறகு என்னைக் கூப்பிட்டு எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேளுங்கள், அப்படி ஒரு சட்டம் போடுங்கள் என்று கேட்டேன். ஹிந்தி எனக்கு அவ்வளவு வரும் என்று எனக்கே தெரியாது.

பிறகு தலைவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. வீட்டில் குழந்தை ஏதாவது சொன்னால் சிரிப்போமே, அது.

"அப்படியானால் சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒரு கணக்கு, கம்பெனியிடம் ஒரு கணக்கு. எங்களிடம் வந்து மூன்றாவது கணக்கா?"

டை கட்டியவர்கள் பக்கம் சிரிப்புக் கேட்டது. பெண் எம்.பி. மட்டும் சிரிக்காமல், "இது முக்கியமான விஷயம், குறித்துக்கொள்ளுங்கள்" என்றாள். குமாஸ்தா குறித்துக்கொண்டான். கம்பெனிக்காரர் ஒருவரும் எழுந்து நின்று, பாலிசிதாரர் தவறான தகவல் கொடுத்ததைத் தானே ஒப்புக்கொண்டதையும் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அதையும் குறித்துக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் சார் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் டாக்ஸிக்குக் கை காட்டினார். ஏறும்போது, "நீ பேசினதுல ஒண்ணும் தப்பில்லை. ஆனா பேசற எடம் அது இல்லை" என்றார். டாக்ஸி போய்விட்டது.

காமு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

"அந்தப் பொண்ணு பேரு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"நாக்குல வந்திச்சில்ல?"

"வந்திச்சு."

"அப்பறம்?"

நான் செருப்பைக் கழற்றி மூலையில் வைத்தேன்.

"ஆஸ்பத்திரியில கேட்டப்போ நீங்க பேசினீங்க. டில்லிக்காரங்க கேட்டப்பவும் நீங்களே பேசினீங்க. கட்டி எனக்கு. ஒருத்தனாச்சும் இவளக் கூப்பிட்டு என்னாடீ உனக்குன்னு கேட்டானா? அவனுங்கள விடுங்க. நீங்க கேட்டீங்களா? போறப்ப எங்கிட்ட சரின்னுட்டுப் போனீங்க."

"காமு."

"நான் கெஞ்சினது உங்களுக்கு அந்த ஹால்ல ஞாபகமே வரலியா?"

வந்தது என்றால் அது இன்னும் மோசம். வரவில்லை என்றாலும் மோசம். நான் மாணிக்கத்தின் சட்டையைக் கழற்றி மடித்தேன்.

அவள் அழவில்லை. சோறு வைத்தாள். அன்றிலிருந்து என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினாள்.

டாக்கிலும் அப்படித்தான் ஆயிற்று. மார்ச் மாதம் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் கூட்டுறவு சங்க ஆபீசுக்கு வந்து, எங்கள் கும்பலின் பழைய கேஸ்களை எல்லாம் கட்டுக்கட்டாக எடுத்துக்கொண்டு போனார்கள். உங்கள் ஆளே சொல்லியிருக்கிறார், டிக்கெட்டில் இருப்பது எதையும் நம்ப முடியாது என்று, அதனால் ஒவ்வொன்றையும் மறுபடி பார்க்க வேண்டும் என்றார்களாம். என் வாய்ச் சொல்லை வைத்துக் காமுவின் கேஸில் டிக்கெட்டை நம்பினார்கள். அதே வாய்ச் சொல்லை வைத்து மற்றவர்கள் கேஸில் டிக்கெட்டை நம்ப மறுத்தார்கள். பெல்ட் போட்டும் சரியாகாமல் எழுதிக் கொடுத்திருந்த மாணிக்கத்தின் முதுகு ஆபரேஷன் அதில் நின்றுபோயிற்று.

"உம்மையப் பேசணும்னா உன் வரைக்கும் பேசேன்டா" என்றான் மாணிக்கம். "எல்லாரும் அப்படித்தான்னு எங்க எல்லாரையும் ஏன்டா இழுத்த?"

"சட்டம் எல்லாருக்கும்ல வரணும்னு..."

"வந்திருச்சு பாரு."

அவன் ஜோடி மாறி வேறு ஆளோடு மூட்டை பிடிக்கப் போய்விட்டான். அதற்குப் பிறகு நான் ஜோடி இல்லாமல் தரையில் சிதறிய பருப்பைக் கூட்டி அள்ளுகிற வேலைக்கு மாறினேன். அது கிழவர்கள் செய்கிற வேலை.

ஏப்ரலில் தேதி வந்தது. ஆபரேஷனுக்கு முந்தின வாரம் நெஞ்சுப் படம் எடுத்துவரச் சொன்னார்கள். ரஞ்சனா டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு வேறு பெரிய டாக்டரிடம் கொண்டுபோனாள். திரும்பி வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்தாள். நுரையீரலுக்குப் போய்விட்டது. இப்போது மார்பை எடுப்பதில் பிரயோஜனம் இல்லை. வலிக்கு மருந்து தருவார்கள்.

"டிசம்பரிலேயே செய்திருந்தால்?" என்று நான் கேட்டேன்.

"தெரியாது" என்றாள். "பிழைத்திருக்கலாம்." அவள் பொய் சொல்லிப் பழகாதவள்.

காமு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காப்பாற்றிய ஆள் என்று அவளைப் பார்த்தாளோ, தன் டாக்டர் என்று பார்த்தாளோ. அந்தப் பெண்ணுக்கு ஹாலில் நடந்தது எதுவும் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை. எழுந்து போகும்போது காமு அவள் கன்னத்தைத் தொட்டு, "பாலோ தேக்கோ" என்றாள். நல்லா இரு என்பதைத் தனக்குத் தெரிந்த வங்காளத்தில் அப்படிச் சொன்னாள். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டிராமில் வரும்போது காமு கேட்டாள், "இப்ப அந்தப் பொண்ணு பேரச் சொன்னாலும் ஒண்ணும் ஆவாதுல்ல?"

"ஆவாது."

"சரி" என்றாள். டிராம் மைதானத்தின் ஓரமாக ஊர்ந்துகொண்டிருந்தது. என்ன சரி என்று நான் கேட்கவில்லை.

மழை பிடித்த பிறகு வெங்கடராமன் சார் எங்கள் சந்துக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து வந்தார். குழுவின் அறிக்கை வெளியாகியிருந்தது. காமு கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பையிலிருந்து தடிப் புத்தகத்தை எடுத்தார்.

"எங்க சங்கத்து கோரிக்கை எதுவும் இல்லை, உத்தமா. பரிசீலிக்கலாம்னு ஒரு எடத்துல போட்டிருக்கான். உன் விஷயம் ஒரு வரி இருக்கு."

"என்ன போட்டிருக்கு?"

அவர் படிக்கத் தயங்கினார். பிறகு தமிழில் சொன்னார். தொழிலாளர்கள் தங்கள் நோய் விவரங்களை உண்மையாகத் தெரிவிக்கும்படி அவர்களிடையே விழிப்புணர்வுப் பிரசாரம் செய்ய வேண்டும்.

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

சுவர்ப் பக்கமிருந்து காமு, "காப்பி குடுங்க அவருக்கு. நனைஞ்சு வந்திருக்காரு" என்றாள்.

அடுப்பை மூட்டினேன். சார் மெதுவாகப் பேசினார். மசோதா இன்னும் சபைக்குப் போகவில்லை. மழைக்காலக் கூட்டத்தில்தான் வரும். அதற்குள் எம்.பி.க்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதலாம். பாதிப் பேர் படிக்க மாட்டார்கள், நாலு பேராவது படிப்பார்கள். பாதிக்கப்பட்டவர்களே கைப்பட எழுதினால் நல்லது. பெயரும் ஊரும் போட வேண்டும். மொட்டையாக எழுதினால் குப்பைக்குப் போகும்.

"உன் கையால தமிழ்லயே எழுது. நான் இங்கிலீஷ்ல போட்டு மேல குத்தி அனுப்பறேன். பேஷண்ட் பேர் காமாட்சின்னு ஆரம்பி."

காமு திரும்பினாள். திரும்ப அவளுக்கு நேரம் பிடித்தது.

"என் பேரு வேணாம் சார்."

"உனக்காகத்தாம்மா."

"எனக்கு இனிமே ஒண்ணும் இல்ல சார். உங்களுக்கே தெரியும். பின்னால வர்றவங்களுக்குன்னா அவங்க பேரப் போட்டுக்குங்க. என் பேர அந்த ஆபீசு ஒண்ணும் வச்சிருக்கு, இந்த ஆபீசு ஒண்ணும் வச்சிருக்கு. போதும்."

சார் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தார். வாசலில் நின்று, "அப்ப உன் பேரையாவது போடு உத்தமா" என்றார். சரி என்றேன். எனக்கு நம்பிக்கை இல்லை. அவருக்கும் இல்லை என்று அவர் தண்ணீரில் இறங்கிய விதத்திலேயே தெரிந்தது. ஆனால் அவர் அதுவரை நாற்பது கடிதம் தயார் செய்திருந்தார்.

அவர் போனபின் தாளை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்தேன். மாண்புமிகு அய்யா, கிடர்பூர் டாக்கில் மூட்டை தூக்கும் உத்தமன் எழுதிக்கொள்வது என்று ஆரம்பித்தேன். வைத்தியம் முதலில், கேள்வி பிறகு என்று சட்டம் போட வேண்டுகிறேன் என்று எழுதினேன். யாருடைய வைத்தியம் என்று எழுத வேண்டிய இடத்தில் கை நின்றது. என் மனைவி என்று எழுதினால் அவள் பெயர் இல்லாவிட்டாலும் அது அவள்தான். ஒரு பெண் என்று எழுதிப் பார்த்தேன். யாரோ ஒருத்திபோல இருந்தது.

"இந்தாங்க" என்றாள் காமு. "இடுப்பு நோவுது. அந்தப் பக்கம் திருப்பி வுடுங்க."

திருப்பிவிட்டு முதுகுக்குத் தலையணை கொடுத்தேன். கையை எடுக்கப் போனபோது, "இருங்க, கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிங்க" என்றாள். பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே யாரோ கதவிடுக்கில் சாக்கு அடைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.